ஃபாப் கையில் இருந்தும் வழி கிடைக்காதவர்: செயிண்ட் லூயிஸ் அபார்ட்மெண்ட் சம்பவம், ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

2018 அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், செயிண்ட் லூயிஸ் நகரின் மையப்பகுதியில் ஒரு லாஃப்ட் அபார்ட்மெண்ட். 24 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். நுழைவாசலில் 35 வயது வெள்ளைக்காரப் பெண் ஒருவர், நாயைக் கயிற்றில் பிடித்தபடி நிற்கிறார். அவரும் அதே கட்டடத்தில் குடியிருப்பவர்தான். இளைஞரைப் பார்த்ததும் விலகி வழிவிடாமல் கதவை மறித்துக்கொண்டு, இங்கேயா குடியிருக்கிறாய், எந்த வீடு, ஃபாபைக் (கதவைத் திறக்கும் மின்னணுச் சாவி) காட்டு என்று கேட்க ஆரம்பிக்கிறார். இளைஞர் போனில் வீடியோவை ஓடவிட்டபடியே, வழியை மறிக்கிறீர்கள், கொஞ்சம் நகருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார். இது என் கட்டடம் என்கிறார் அந்தப் பெண். எனக்கும் இதுதான் கட்டடம் என்கிறார் இவர். வீட்டு எண்ணைச் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிடுகிறார்.

ஒருவழியாக இளைஞர் அவரைத் தாண்டி உள்ளே போய் லிஃப்டில் ஏறுகிறார். அந்தப் பெண்ணும் கூடவே ஏறுகிறார். இளைஞர் தன் தளத்தில் இறங்கி நடக்கிறார், அந்தப் பெண் பின்னாலேயே வருகிறார். இளைஞர் சாவியைப் போட்டுத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லி உள்ளே போகிறார். அதோடு முடியவில்லை. சுமார் அரை மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்படுகிறது, திறந்தால் போலீஸ்.

வீடியோக்களை இளைஞர் ஃபேஸ்புக்கில் போட்டார், 50 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன. அந்தப் பெண் வேலை பார்த்த நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அதுவும் வீட்டு வாடகை நிர்வாகத் தொழிலில் இருந்த நிறுவனம்தான், இந்தக் கட்டடம் மட்டும் அதன் நிர்வாகத்தில் இல்லை. பிற்பாடு அந்தப் பெண் ஊடகத்திடம் பேசியபோது, நிறம் ஒரு காரணமே இல்லை, பாதுகாப்புக்காகத்தான் கேட்டேன் என்றார்.

துப்பாக்கி வெடித்த, ஆள் செத்த சம்பவங்கள் எத்தனையோ இருக்கும்போது இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், இதில் எதுவுமே நடக்கவில்லை என்பதால்தான். கைது இல்லை, அடி இல்லை, வழக்கு இல்லை. அதனால் அக்கம்பக்கத்துச் சந்தேகம் எப்படி ஓர் அடி ஓர் அடியாக முன்னேறுகிறது என்பது மறைப்பில்லாமல் தெரிகிறது. அந்தப் பெண் சொன்ன பாதுகாப்பு என்ற காரணத்தையும் நான் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடப் போவதில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, கதவு, லிஃப்ட், வீட்டு வாசல், போலீஸ் என்று ஒவ்வோர் இடத்திலும் அது பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

கதவில்

ஃபாப் வைத்துத் திறக்கும் கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு இந்த விதி தெரியும். லீஸ் எழுதும்போதே சொல்வார்கள், லாபியில் ஒட்டியும் வைப்பார்கள்: உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். டெயில்கேட்டிங் என்று இதற்குப் பெயர். விதிக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஃபாபும் ஒரு வீட்டோடு இணைக்கப்பட்டிருக்கும், யார் ஃபாப் எந்த நேரத்தில் கதவைத் திறந்தது என்று பல கட்டடங்களில் பதிவாகும். ஒருவர் திறந்து நான்கு பேர் நுழைந்தால் அந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். பார்சல் திருட்டு, லாபியில் ஆள் படுத்திருப்பது என்று வரும் புகார்களில் நிறைய இப்படித் திறந்துவிடப்பட்ட கதவிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே, முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறந்துவிட மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதில் தப்பே இல்லை.

ஆனால் இந்த விதி குடியிருப்பவரிடம் கேட்பது என்ன? கதவைத் திறந்துவிடாதே என்பது மட்டும்தான். கதவில் நின்று விசாரி என்று எந்த விதியும் சொல்வதில்லை. அந்தப் பெண் செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை: வெளியே வந்து, கதவு தானாக மூடிக்கொள்ளும்வரை நின்று, நாயை நடத்திக்கொண்டு போயிருக்கலாம். இளைஞர் தன் ஃபாபை வைத்திருப்பார், கதவு திறந்திருக்கும். ஃபாப் இல்லாத ஆளாக இருந்தால் திறந்திருக்காது. இவ்வளவுக்கும் இரண்டு வினாடி. அந்த இயந்திரத்துக்கு வந்தவர் என்ன நிறம் என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் சோதனையை நடக்கவிடாமல் தன் உடம்பை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியபோதே, இருந்த பாதுகாப்பு ஏற்பாட்டை அவர் ஓரங்கட்டிவிட்டார்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும். ஃபாப் கையில்தானே இருந்தது, காட்டிவிட்டுப் போயிருந்தால் பிரச்சினையே இல்லையே? நியாயமாகப் பேசுகிறவர்கள்கூட இதைக் கேட்கிறார்கள். ஒரே ஒரு தடவை என்றால் நானும் சரி என்பேன். ஆனால் அதே வாசலில் நாள் முழுக்க எத்தனையோ பேர் போய்வருகிறார்கள். எல்லோரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா? மளிகைப் பையோடு வரும் வெள்ளைக்காரப் பாட்டியிடம், ஜிம் உடுப்பில் ஓடிவரும் பையனிடம்? அவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். ஒரு விதி சிலருக்கு மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது என்றால் அங்கே வேலை செய்வது வேறு ஏதோ. வாடகையை எல்லோரையும் போலக் கட்டிவிட்டு, அதற்கு மேல் தினமும் தன் அடையாளத்தையும் காட்ட வேண்டும் என்று ஒருவரை மட்டும் எதிர்பார்ப்பது எந்த ஊரில் நியாயம்? அவர் வீட்டு எண்ணைச் சொல்லாததும் சரிதான். ராத்திரியில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு எண் என்ன என்று கேட்டால் சொல்லக்கூடாது என்பதும் பாதுகாப்புப் பாடம்தானே.

லிஃப்டில்

முழுச் சம்பவத்திலும் என்னை நிறுத்திவைக்கும் இடம் இதுதான். ஓர் ஆள்மேல் நிஜமாகவே பயம் இருக்கிறது, திருடனோ அதைவிட மோசமானவனோ என்று தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆளோடு தனியாக, கதவு மூடிக்கொள்ளும் ஒரு சிறிய பெட்டிக்குள் யாராவது தாங்களாகவே போய் ஏறுவார்களா? பயந்தவர் விலகிப் போவார், தெருப்பக்கம் போவார், கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போவார், அங்கிருந்து போன் செய்வார். பின்தொடர்ந்து போகிறவரிடம் இருப்பது வேறொன்று. இவனைக் கேள்வி கேட்க எனக்கு அதிகாரம் இருக்கிறது, இவன் பதில் சொல்லாமல் போகக்கூடாது என்ற எண்ணம். வீடியோவில் பதற்றமாக இருக்க வேண்டியவர் யார் என்று பார்த்தால், பின்தொடரப்படுகிறவர்தான். ராத்திரி நேரத்தில் அவருக்குத் தெரியாத ஒருவர் அவர் வீட்டு வாசல்வரை வருகிறார். பாத்திரங்களை மாற்றிப்போட்டு யோசித்தால் போதும், ஒரு கறுப்பின இளைஞர் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை லிஃப்டிலிருந்து வீட்டு வாசல்வரை கேள்வி கேட்டுக்கொண்டே தொடர்ந்திருந்தால் அரை மணி நேரம் கழித்து வந்த போலீஸ் யார் கதவைத் தட்டியிருக்கும்?

அப்புறம் சாவி. தன் சாவியால் தன் வீட்டைத் திறந்துவிட்டார். இதற்கு மேல் ஒரு மனிதன் தான் அங்கே குடியிருப்பதை எப்படி நிரூபிப்பது? அதற்குப் பிறகும் போலீஸ் வந்தது.

போலீஸ் வருவது சின்ன விஷயம் இல்லை

வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்களே, என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 6. செயிண்ட் லூயிஸ் சம்பவத்துக்கு ஐந்து வாரம் முன்பு. டல்லஸ் நகரில் ஒரு அபார்ட்மெண்டின் நான்காவது தளத்தில் தன் வீட்டில் உட்கார்ந்திருந்த போத்தம் ஜான் என்ற 26 வயதுக் கறுப்பின இளைஞரை, அதே கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் குடியிருந்த பெண் போலீஸ் அதிகாரி சுட்டுக்கொன்றார். வேலை முடிந்து சீருடையோடு வந்தவர், தளம் மாறி வந்து, இது என் வீடு, உள்ளே திருடன் இருக்கிறான் என்று நினைத்தேன் என்றார். 2019 அக்டோபரில் அவர்மேல் கொலைக் குற்றம் உறுதியாகி 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதற்கு முன் 2012 பிப்ரவரி 26, ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு. தந்தையின் வருங்கால மனைவி குடியிருந்த, வேலி போட்ட குடியிருப்புக்கு விருந்தாளியாக வந்திருந்த 17 வயதுக் கறுப்பினப் பையன் ட்ரேவான் மார்ட்டின், கடைக்குப் போய்த் திரும்பும்போது அங்கேயே குடியிருந்த காவல் தன்னார்வலரால் சுட்டுக்கொல்லப்பட்டான். பின்னர் அந்தக் குடியிருப்போர் சங்கம் பையனின் குடும்பத்தோடு இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்தது.

டல்லஸ் செய்தி ஊடகங்களில் ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில்தான் செயிண்ட் லூயிஸில் ராத்திரி ஒரு கறுப்பின இளைஞர் தன் வீட்டுக் கதவைத் தட்டிய போலீசுக்குத் திறந்துவிட்டார். வந்தவர்கள் நிதானமாக நடந்துகொண்டார்கள், நல்லவேளை. நிதானமாக நடந்துகொள்ளாதவர்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரும் யோசித்திருப்பார், போன் செய்தவர் யோசித்தாரா என்பதுதான் கேள்வி. செயிண்ட் லூயிஸை ஒட்டிய ஃபெர்கூசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையாகி அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

இந்த ஊரில் இது புதிது இல்லை

ஒரு பெண்ணின் கெட்ட நாள் என்று இதை ஒதுக்க முடியாததற்குச் செயிண்ட் லூயிஸின் பழைய கணக்கும் ஒரு காரணம். எந்தத் தெருவில் எந்த இனத்தவர் குடியிருக்கலாம் என்று பிரித்துவைக்கும் சட்டத்தை 1916இல் இந்த ஊர் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறோர் ஊரின் வழக்கில் அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்றது. சட்டம் போனதே தவிர, அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் இருந்தன. லபாடி அவென்யூ என்ற தெருவில் 1911இலேயே 39 சொத்துக்காரர்களில் 30 பேர் கையெழுத்துப் போட்டு, 50 ஆண்டுகளுக்குக் கறுப்பினத்தவர் யாரும் இங்கே குடியேறக்கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள். 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே ஒரு வீட்டை வாங்கியது. அதே ஒப்பந்தத்துக்கு உட்பட்ட சொத்து வைத்திருந்த கிரேமர் குடும்பம் அவர்களை வெளியேற்றக் கேட்டு வழக்குப் போட்டது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு.

அந்த வழக்கில் வாசலை மறித்தது அரசாங்கம் இல்லை, பக்கத்துச் சொத்துக்காரர். யார் இங்கே இருக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அண்டை வீட்டாருக்கு உண்டு என்ற நினைப்பு கையெழுத்துப் போட்ட பத்திரமாக இருந்தது. பத்திரம் செல்லாமல் போய் 70 ஆண்டு கழித்து, அதே ஊரில், 'என் கட்டடம்' என்று ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு லபாடி அவென்யூதான் நினைவுக்கு வருகிறது.

வேலை போனது, சரி

நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியதைப் பலர் நீதி கிடைத்துவிட்டதாகக் கொண்டாடினார்கள், சிலர் அளவுக்கு மீறிய தண்டனை என்றார்கள். வாடகை வீடுகளை நிர்வகிக்கும் தொழிலில் இருக்கும் ஒருவர் குடியிருப்பவரை இப்படி நடத்தினால் அந்த நிறுவனம் யோசிக்காமல் இருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதனால் அந்த வாசலில் ஒன்றுமே மாறப்போவதில்லை. அதே கதவு, அதே ஃபாப், லாபியில் அதே அறிவிப்பு. அடுத்தவர் இன்னொரு ராத்திரி அதே கேள்வியைக் கேட்பார். இணையம் ஒருவரைத் தூக்கிப்போட்டு மிதித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது.

மாறவில்லை என்பதற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. 2019 ஜூலை, சான் ஃபிரான்சிஸ்கோ. கறுப்பின மென்பொறியாளர் ஒருவர் நண்பரைப் பார்க்க ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் காத்திருக்கிறார். சின்ன மகனோடு வந்த வெள்ளைக்காரக் குடியிருப்பாளர், யாரைப் பார்க்க வந்தாய், வாசலில் இருக்கும் இன்டர்காமில் கூப்பிடு என்று வற்புறுத்தி, பிறகு போலீசைக் கூப்பிடும் அவசர எண்ணான 911க்குப் போன் போடுகிறார். பையன் அழுதுகொண்டே, அப்பா வேண்டாம், போகலாம் என்று கெஞ்சுகிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே நண்பர் கீழே வந்துவிடுகிறார். இந்த வீடியோவும் உலகம் சுற்றியது. பிறகு அந்த மனிதர் தன் தரப்பை எழுதினார், மன்னிப்பும் கேட்டார். 2012இல் பெர்க்லியில் அவருடைய தந்தை தன் வீட்டு வளாகத்துக்குள் நுழைந்த ஒருவரால் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். இது உண்மையாக நடந்தது.

இதைப் படித்துவிட்டு அவர்மேல் வெறும் கோபம் மட்டும் படுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்பாவை அப்படிப் பறிகொடுத்தவருக்கு வாசலில் நிற்கும் தெரியாத ஆளைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் படபடப்பின் விலையை வாசலில் நின்றவர் ஏன் கட்ட வேண்டும்? அவருக்கும் அந்தக் கொலைக்கும் என்ன சம்பந்தம்? பயம் நிஜமாக இருக்கலாம், அது கைகாட்டும் ஆள் தப்பாக இருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அதனால்தான் பயந்தவரின் தீர்ப்பை நம்பாத ஓர் ஏற்பாடு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். பயந்தவருக்கும் அதுதான் நல்லது, தன் பிள்ளை அழுகிற நிலைக்கு அவர் போயிருக்க வேண்டியதில்லை.

மற்றச் சம்பவங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரலில் நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைட் பகுதியில், ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த கறுப்பினர் ஒருவர் தன் புது அபார்ட்மெண்டுக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, திருடன் நுழைகிறான், கையில் ஆயுதம் இருக்கலாம் என்று யாரோ போன் செய்ய, போலீஸ் திரண்டு வந்தது. அடுத்த மாதம் யேல் பல்கலைக்கழக விடுதியில் பொது அறையில் தூங்கிப்போன கறுப்பின ஆராய்ச்சி மாணவியைப் பார்த்து அதே விடுதியின் வெள்ளையின மாணவி போலீசைக் கூப்பிட்டார். தன் அறையைத் திறந்து காட்டிய பிறகும் அடையாள அட்டை கேட்டு விசாரணை நீண்டது. அதே வருடம் ஜூலை 4 அன்று வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலத்தில், குடியிருப்போர் சங்கத்தின் நீச்சல் குளத்துக்குக் குழந்தையோடு வந்த கறுப்பினத் தாயிடம் சங்கப் பொறுப்பாளர் அடையாள அட்டை கேட்டுப் போலீசை வரவழைத்தார். வந்த அதிகாரி அந்தப் பெண்ணின் கீ கார்டை வாங்கிக் கதவில் வைத்தார், திறந்தது. விஷயம் அவ்வளவுதான். இவற்றில் ஒன்றில்கூடச் சந்தேகப்பட்டது சரியாக இருக்கவில்லை.

போன் செய்தவர் சரியாகச் செய்த வழக்கு ஒன்று

எப்போதும் போலீசைக் கூப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு 2009 ஜூலை 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஹார்வர்டின் கறுப்பினப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் பயணம் முடிந்து வந்து, மக்கர் செய்த தன் வீட்டுக் கதவை ஓட்டுநரின் உதவியோடு தள்ளித் திறந்தார். வழியில் போன பெண் ஒருவர் 911க்குச் சொன்னார். கேட்ஸ் தன் வீட்டிலேயே கைது செய்யப்பட்டார், வழக்கு சில நாளில் கைவிடப்பட்டது, ஒபாமா பேராசிரியரையும் போலீஸ் அதிகாரியையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசவேண்டிய அளவுக்கு நாடே பேசியது. போன் செய்த பெண்ணை இனவெறி பிடித்தவர் என்று திட்டித் தீர்த்தார்கள். அப்புறம் 911 ஒலிப்பதிவு வெளியானது. அதில் அவர் தானாக நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைத் தோளால் தள்ளுகிறார்கள், பெட்டிகள் இருக்கின்றன, இங்கேயே குடியிருப்பவர்களாகக்கூட இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். என்ன இனம் என்று மறுமுனையில் கேட்டபோதுதான், ஒருவர் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) போலத் தெரிந்தார், நிச்சயமாகத் தெரியாது என்றார். போலீஸ் அறிக்கையிலோ இரண்டு கறுப்பின ஆண்கள் என்று ஏறியிருந்தது.

அந்தப் பெண் செய்ததில் எனக்குப் பிடித்தது, கண்ணால் பார்த்த செயலை மட்டும் சொன்னது. ஊகத்தைச் சொல்லவில்லை, தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். கதவுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிறான், பூட்டை உடைக்கிறான், ஒருவரை விடாமல் பின்தொடர்கிறான் என்பதெல்லாம் செயல்கள். இதுவரை இவனைப் பார்த்ததில்லை என்பது செயல் இல்லை, நூறு வீடுள்ள கட்டடத்தில் எதிர் வீட்டுக்காரர் முகமே நமக்குச் சரியாகத் தெரியாது.

இதை மென்பொருளிலேயே கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அக்கம்பக்கத்துச் செய்திகளைப் பகிரும் நெக்ஸ்ட்டோர் செயலியில் 'சந்தேகத்துக்குரிய கறுப்பின ஆள்' என்கிற மாதிரிப் பதிவுகள் குவிந்தபோது, ஓக்லந்து மக்கள் 2015இல் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் உளவியல் பேராசிரியர் ஜெனிஃபர் எபர்ஹார்ட் போன்றவர்களின் ஆலோசனையோடு 2016இல் பதிவுப் படிவத்தையே மாற்றினார்கள். அந்த ஆள் செய்ததில் எது சந்தேகத்துக்குரியது என்று முதலில் எழுத வேண்டும். இனத்தைக் குறிப்பிட்டால் உடை, காலணி என்று வேறு அடையாளங்களும் சேர்த்துத் தர வேண்டும். நிறத்தை வைத்துச் சந்தேகப்படும் பதிவுகள் 75 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் சொன்னது. யாருக்கும் அறிவுரை வகுப்பு எடுக்கவில்லை, யாரையும் திட்டவில்லை, கை விரைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

கொஞ்ச தூரம் வரும். நிறத்தை மனதில் வைத்துத் தேவையில்லாமல் போலீசைக் கூப்பிட்டவர்மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட ஓரிகான் மாநிலம் 2019இல் வழி செய்தது. 2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்க வந்த கறுப்பினர்மேல் ஒரு பெண் போலீசை ஏவப் பார்த்த வீடியோ வந்த பிறகு, அடுத்த மாதமே நியூயார்க் மாநிலமும் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினர்கள் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டத்தில் குறைந்தபட்ச இழப்பீடு 1,000 டாலர்.

கட்டட நிர்வாகத்தைப் பிடிப்பது இதைவிடக் கஷ்டம். 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம், வாடகைக்கு விடுவதில் இனப் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் பாகுபாடு காட்டுவது பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால்? நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு கறுப்பினக் குடித்தனக்காரரைப் பக்கத்து வீட்டுக்காரர் 2012 முதல் மாதக்கணக்கில் இனவசை பாடி மிரட்டினார். நிர்வாகத்துக்குப் புகார் போயும் அது எதுவும் செய்யவில்லை என்று வழக்கு. பக்கத்து வீட்டுக்காரர் துன்புறுத்தல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனாலும் 2021 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 7க்கு 5 என்ற கணக்கில் நிர்வாகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குடித்தனக்காரர்கள்மேல் வீட்டுக்காரருக்கு அந்த அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பது வாதம். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் வந்தால் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இனவசைக்குக் கடிதம் அனுப்ப மட்டும் கட்டுப்பாடு இல்லையா?

நம்மவர்களுக்கு

அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழர்கள் இதை வெள்ளையர் கறுப்பர் விவகாரம் என்று தள்ளி வைக்க முடியாது. 2015 பிப்ரவரி 6, அலபாமாவின் மேடிசன் நகரம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுத் தாத்தா காலையில் நடக்கப் போனார். ஒல்லியான கறுப்பின ஆள் ஒருவன் வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான் என்று பக்கத்தில் குடியிருந்தவர் போலீசுக்குச் சொன்னார். தாத்தாவுக்கு ஆங்கிலம் வராது. வந்த அதிகாரி அவரைத் தரையில் மோதவைத்ததில் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு உடம்பு பாதி செயலிழந்தது. அதிகாரி குற்றவியல் வழக்கிலிருந்து 2016இல் விடுவிக்கப்பட்டார். 2021இல் நகரத் தரப்பு 17.5 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது. ஆறு மாத விசாவில் வந்து, காலையில் குல்லாவும் ஸ்வெட்டருமாக அபார்ட்மெண்டைச் சுற்றி நடக்கும் நம் அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தாத்தா அங்கே வந்த கொஞ்ச நாளிலேயே இது நடந்தது. மகன் வீட்டு முகவரியை எழுதிய ஒரு சீட்டைப் பெற்றோர் பையில் வைத்து அனுப்புங்கள். அவர்கள் வந்த வாரமே அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்காவது அறிமுகம் செய்துவையுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீடு தேடும்போது வாட்ஸ்அப் குழுக்களில் 'ஏரியா சரியில்லை' என்று நாம் எழுதுவதற்கு முக்கால்வாசி நேரம் என்ன அர்த்தம் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். லிஃப்டில் ஒரு கறுப்பின இளைஞர் ஏறினால் கைப்பையை இறுக்கிப் பிடிப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். நம்மை வாசலில் நிறுத்திக் கேட்டால் கொதிக்கிறோம், அடுத்தவரை நிறுத்திக் கேட்பதைப் பாதுகாப்பு என்கிறோம். இந்த வழக்கத்தை விடாமல் அலபாமா தாத்தாவுக்காக நாம் வருத்தப்படுவதில் நேர்மை இல்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது அதிகம் இல்லை, ஆனால் இருக்கிறது. கதவு உங்கள் பின்னால் மூடட்டும், யாராக இருந்தாலும். பின்னால் ஆள் வந்தால், இங்கே கதவைப் பிடித்து நிற்கக்கூடாது என்று விதி, உங்கள் ஃபாபை வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஆனால் எல்லோரிடமும் சொல்லுங்கள், பாட்டியிடமும். உங்களைத் தாண்டி யாராவது நுழைந்துவிட்டால் பின்னால் ஓடாதீர்கள். நேரத்தைக் குறித்து நிர்வாகத்துக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், கேமரா இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள். 911 என்பது கண் முன்னால் ஏதாவது குற்றம் நடந்தால். உங்களை யாராவது மறித்தால் வீட்டு எண்ணைச் சொல்லாதீர்கள். வீடியோ எடுங்கள், குரலை உயர்த்தாதீர்கள், அடுத்த நாள் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் பின்னால் வழக்கு என்று வரும்போது நிர்வாகத்துக்குத் தெரியும் என்று நிறுவ முடியும்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. 'தெரியாதவர்களை உள்ளே விடாதீர்கள்' என்று லாபியில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை எடுக்கச் சொல்லுங்கள். யார் தெரிந்தவர், யார் தெரியாதவர் என்பதை ஒவ்வொருவர் கண்ணுக்கும் விட்டுவிடும் வாசகம் அது. அதற்குப் பதிலாக, கதவை யாருக்கும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், யாரையும் நிறுத்தி விசாரிக்க வேண்டாம், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள் என்று எழுதி, கீழே ராத்திரியிலும் ஆள் எடுக்கிற ஒரு போன் நம்பரைப் போடச் சொல்லுங்கள்.